மஜீடுக்குத்தான் முதல்

“மஜீட் போட், நீங்க கதைங்க.”

வயர்லெஸ் பெட்டியில் ஸைனுலாப்தீனின் குரல் அன்றைக்கும் அதே பெயரைத்தான் முதலில் கூப்பிட்டது. சாய்ந்தமருதுக்குக் கிழக்கே, கடலில், தன் படகிலிருந்து அதைக் கேட்ட அபுல் ஹஸனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வேறு யாராவதாக இருந்திருந்தால் பொறுத்திருப்பான். மஜீட் அவனுடைய சகலன். மனைவி சுல்பிகாவின் ராத்தா சபூறாவைக் கட்டியவன். விருந்துச் சோற்றில் மாமனார் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து வைப்பது அவனுக்குத்தான். கரையில்தான் அப்படியென்றால், கடலிலுமா?

மீனவர் சங்கம் படகுகளுக்கு அந்தப் பெட்டிகளைக் கொடுத்த புதிதில் ஒழுங்கே கிடையாது. பின்னேரம் கரை திரும்பும்போது எல்லோரும் ஒன்றாகப் பொத்தானை அமத்திக் கத்துவார்கள். இரண்டு குரல் ஒன்றாக விழுந்தால் கரையிலுள்ள சங்கக் கந்தோரில் கீச்சென்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். பெட்டிக்குப் பொறுப்பான ஸைனுலாப்தீன் யோசித்து ஒரு வழி செய்தார். பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மோதிக்கொண்டால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொல்ல வேண்டும். எல்லாப் பெயரும் வந்த பிறகு அவரே ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் எவ்வளவு மீன் என்று சொன்னால், அதற்கு அளவாக ஐஸ் ஒதுக்குவார். ஐஸோ என்றைக்கும் தட்டுப்பாடு. கடைசி ஆளுக்கு ஐஸ் மூடிவைத்த சாக்கும் உமியும் கிடைத்தால் பெரிய காரியம்.

அபுல் ஹஸனின் முறை நடுவில் எங்கோ வந்துகொண்டிருந்தது. அது அவனுக்குப் போதவில்லை.

தன் குரல் கரைக்குச் சரியாக எட்டவில்லை என்று நினைத்து, லொறிக்குப் போடுகிற பெரிய பற்றரி ஒன்றை வாங்கிப் படகில் ஏற்றினான். அன்றைக்கு அவனுடைய முறை இன்னும் பிந்தியது. மஜீட் யாரையோ பிடித்துத் தனக்கெதிராக மந்திரம் ஓதுவித்திருக்கிறான் என்று முடிவுகட்டினான். பிறகு அக்கரைப்பற்றில் ரேடியோ திருத்துகிற ஒருவரைக் கூட்டிவந்து, நெடிய கமுகு மரமொன்றைப் படகில் நட்டு, அதன் நுனியில் புதிய ஏரியல் கட்டினான். படகு அலைக்கு அலை தலையாட்டியது. முப்பது வருஷம் கடலில் கிடந்த வேலையாள் முத்தலிப் தலைசுற்றி முதல் தடவையாகச் சத்தி எடுத்தார். அபுல் ஹஸனின் முறை கடைசிக்கே போய்விட்டது.

அவனுக்குத் தலை கொதித்தது. விரல் பொத்தானை அமத்திக்கொண்டிருப்பது தெரியாமல், மஜீடைப் பற்றி மனதில் கிடந்ததையெல்லாம் முத்தலிபிடம் கொட்டினான். கஞ்சன் என்றான். மூக்கால் கதைக்கிறவன் என்றான். மாமனாருக்குக் கால் அமத்தியே பெரிய வளவைப் பிடுங்கியவன் என்றான். பெட்டி இப்போது இருந்த பலத்துக்கு, அந்தப் பேச்சு கந்தோரோடு நிற்கவில்லை. கடற்கரை வீதியில் ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டை இடைமறித்துக்கொண்டு அது தெளிவாக வந்தது. பந்தியில் மாமனாரும் இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது சுல்பிகா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ராத்தா இனி இந்த வாசல்ல கால் வைக்கமாட்டாவாம். வாப்பா உங்கட முகத்தில முழிக்கமாட்டாராம்.”

“மஜீட் என்ன சொன்னான்?”

“அவரு ஒண்டும் சொல்லல்ல. கரைக்கு வந்து, எல்லாத்தையும் கேட்டுப்போட்டுப் பேசாம இரிந்து சோத்தத் திண்டுபோட்டுப் போனாராம்.”

பொறுமைசாலி என்ற பெயரும் மஜீடுக்கே போனதை நினைக்க அபுல் ஹஸனுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வலையில் நல்ல சூரை மீன் பட்டது. ஐஸ் இல்லாமல் அவ்வளவும் கருவாட்டுக்குப் போனது. அவன் கரை இறங்கிய வேகத்தில் கந்தோருக்கு ஏறினான். ஸைனுலாப்தீன் அஸர் தொழப் போயிருந்தார். ஐஸுக்குத் துண்டுச்சீட்டு எழுதுகிற கனகேஸ்வரி மட்டும் இருந்தாள். மஜீட் உங்களுக்கெல்லாம் என்ன தருகிறான் என்று அவளிடம் கேட்டான்.

அவள் பேனையை மூடி வைத்தாள்.

“அவர் ஒண்டும் தாறதில்ல, காக்கா. அவர்ர பெட்டி நுளம்பு காதுக்க இரையிற மாதிரித்தான் கேக்குது. அதுவும் நிண்டுபோக முன்னம் கேட்டிருவம் எண்டுதான், ஸைனுலாப்தீன் சேர் மெலிஞ்ச குரலாப் பாத்து முதல்ல கூப்பிடுறவர். உங்கட குரல் எந்த நேரமும் கேக்கும்தானே, அதால கடைசியில.”

அபுல் ஹஸன் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். அந்தக் கமுகை நாளைக்கே அறுத்துவிடுகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அறுத்தா எறிஞ்சிராதீங்க, காக்கா,” என்றாள் கனகேஸ்வரி. “ஊரெல்லாம் உங்கட குரல்தான் கேக்குது எண்டு நித்திரையில்லாம, மஜீட் காக்கா அதே மாதிரிக் கமுகு ஒண்டு தேடித் திரியிறார்.”