வெள்ளச்சி தின்ற முந்தானை

இந்த முறை பதுளை மெக்கானிக் அலவி பாஸுக்கு ஆள் அனுப்புவதில்லை. இஞ்சினை நானே பிரிப்பேன். நானே பூட்டுவேன். இஞ்சின் விசயத்தில் எந்தப் பொம்பளையும் வாயைத் திறக்கக் கூடாது.

இப்படி ஒரு சபதத்தை நான் செய்தது அறுபத்தொன்பதாம் வருசம், அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், கையில் பாதி ரொட்டியோடு. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி தனலெட்சுமி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். இன்னொருத்தி எங்கள் ஆடு வெள்ளச்சி. அவளும் எதையோ மென்றுகொண்டுதான் இருந்தாள்.

"சரிங்க," என்றாள் தனலெட்சுமி.

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டபோதே நான் உசாராகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் 'சரிங்க' என்று சொன்ன எதிலும் நான் ஜெயித்ததில்லை.

இப்போது தேயிலைத் தொழிற்சாலைகளில் கரண்டு மோட்டார் ஓடுகிறது. பொத்தானை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். அதற்கு ஒரு குணம் கிடையாது, குரல் கிடையாது. எங்கள் டீசல் இஞ்சின் அப்படியா? நாலு சிலிண்டர். ஆள் உயரத்துக்குச் சக்கரம். விடியற்காலையில் 'டுக் டுக் டுக் டுக்' என்று அது எழுந்தால்தான் லயத்தில் அடுப்புப் பற்றும். பிள்ளைகள் தொட்டிலில் அந்தத் தாளத்துக்குத்தான் தூங்கும். கல்யாண வீட்டு மேளக்காரர்கூட முதலில் இஞ்சினைக் கேட்டுவிட்டுத்தான் குச்சியை எடுப்பார். கொஸ்லந்தை பஸ் டிரைவர் எங்கள் வளைவில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்துவார் என்று நான் சொல்வதுண்டு. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. என்னைக் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரன் நான். இஞ்சின் டிரைவர் பொன்னையா. மற்ற ஆம்பிளைகள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு அட்டை கடிக்க மலை ஏறும்போது, நான் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாக எண்ணெய்க் குப்பியோடு இஞ்சின் அறைக்குப் போவேன். அந்தக் காக்கியில் ஒரு கசங்கல் இருக்காது. அதற்குத் தனலெட்சுமிதான் காரணம் என்பதை அப்போது நான் வெளியில் சொல்வதில்லை.

கொழுந்து குறைந்த மாதம் பார்த்து இஞ்சினைப் பிரித்தேன். கொழும்பிலிருந்து வந்த புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டேன். சிலிண்டர் தலையைப் பூட்டியாயிற்று. பக்கத்தில் காற்று போகிற ஓட்டைகள் நாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. காற்றுக் குழாயைப் பூட்டும்வரை அவற்றை அடைத்து வைக்க வேண்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் இஞ்சின் கதை முடிந்தது. தொழிற்சாலையில் கொடுக்கிற கழிவுப் பஞ்சை வைத்தால் உதிரும். பஞ்சு உதிராத, மெத்தென்ற துணி வேண்டும்.

வீட்டுக்கு ஓடினேன். தனலெட்சுமி கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். தகரப் பெட்டியின் அடியில் பூச்சி உருண்டையோடு ஒரு மயில்கழுத்துக் கலர் சேலை தூங்கிக்கொண்டிருந்தது. பழசு. அதைக் கட்டி நான் பார்த்து எத்தனையோ காலம். முந்தானையை மட்டும் கிழித்தேன். மிச்சத்தை முன்னைவிட அழகாக மடித்து வைத்தேன். முந்தானையை நாலாக்கி, பந்து பந்தாக உருட்டி, நாலு ஓட்டையிலும் இறுக்கி அடைத்தேன். கச்சிதமாக இருந்தது.

மறுநாள் காற்றுக் குழாயைப் பூட்டும் நேரம். துணிகளைப் பிடுங்கி டீசல் பீப்பாய்க்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தேன். நடுவில் தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா எட்டிப் பார்த்து, "என்னா பொன்னையா, எப்ப முடியும்?" என்றார். கேட்ட மனிதரைச் சும்மா அனுப்பலாமா? ரிங் என்றால் என்ன, பேரிங் என்றால் என்ன என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் கொட்டாவி விட்டுப் போனார். நான் குழாயைப் பூட்டி முடித்தேன்.

அன்று சாயந்தரம் தனலெட்சுமி தகரப் பெட்டியைத் திறந்தாள். பெண்களுக்கு எதைத் திறக்க வேண்டும் என்று யார்தான் சொல்லிக் கொடுக்கிறார்களோ!

"ஏங்க, என் மயில்கழுத்துச் சேலைக்கு முந்தானைய காணோம்?"

"முந்தானையா? ஆடு தின்னுருக்கும்."

"பெட்டிக்குள்ள எறங்கியா?"

"பெட்டி தொறந்து கெடந்துச்சு. என் கண்ணால பாத்தேன். வெள்ளச்சி வாயில நூலு தொங்குச்சு."

"முந்தானைய மட்டும் தின்னுட்டு, மிச்சத்தை மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கு?"

"நல்லா வளத்த ஆடு புள்ள."

"சத்தியமாவா?"

"இஞ்சின் மேல சத்தியம்!"

அவள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கிழிந்த ஓரத்தைத் தடவினாள்.

"நாம கல்யாணம் கட்டி மொதத் தீவாளிக்கு எடுத்தது. பதுளையில புஹாரி மொதலாளி கடையில. பஸ்ஸ விட்டுட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு, பார்சலை மட்டும் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த நிமிசம்தான் வந்தது. மழை, பார்சல், லாம்பு வெளிச்சத்தில் அந்தக் கலரைப் பார்த்து அவள் கண் விரிந்தது, எல்லாம். ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டது. ஆம்பிளை பின்வாங்கலாமா?

"ஆடுன்னா அப்படித்தான்," என்றேன்.

"சரிங்க," என்றாள்.

மறுநாள் காலை என் முன்னால் வெறும் தேத்தண்ணி வந்து நின்றது. கன்னங்கரேலென்று. எனக்கு ஆட்டுப்பால் ஊற்றாத தேத்தண்ணி தொண்டையில் இறங்காது.

"பால் எங்க புள்ள?"

"சேலை தின்ன ஆட்டுப் பாலைக் குடிச்சா குடல்ல நூலு சுத்திக்குமாம். உங்க உசுரு எனக்குப் பெருசுங்க."

கறுப்புத் தேத்தண்ணியை விழுங்கிவிட்டு இஞ்சின் அறைக்குப் போனேன். தோட்டமே காது கொடுத்துக் காத்திருந்தது. இஞ்சினைக் கிளப்பினேன்.

'டுக்… டுக்… ப்ஸ்ஸ்… டுக்.'

என் நெஞ்சும் ஒரு தரம் ப்ஸ்ஸ் என்றது. இஞ்சின் நொண்டியது. அடித்தளமே ஆடியது. புகைபோக்கியிலிருந்து கறுப்புப் புகை புரண்டு போய், லயத்துக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியையெல்லாம் என் தேத்தண்ணிக் கலருக்கு மாற்றியது. பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மா மலையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "பொன்னையாண்ணே! இஞ்சினுக்குக் கால் சுளுக்கா? எண்ணெய் போட்டு நீவி விடவா?"

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், அத்தனை பேருக்கும் முன்னால், தோட்ட மேனேஜர் பெரிய துரை தன் தமிழில் கேட்டார்.

"பொன்னையா! என்னா இது சத்தம்? நொண்டிக் குதிரை மாதிரி? சனிக்கெழமை நான் வாறது. சரி இல்ல, அலவி பாஸ் வேற டிரைவர் கூட்டி வரும். இஞ்சின் அறை சாவி அவனுக்கு. கவ்வாத்துக் கத்தி உனக்கு!"

அதோடு உலகம் சுருங்கிவிட்டது. ஒரு பக்கம் காக்கி. மறு பக்கம் கவ்வாத்துக் கத்தி. நடுவில் சனிக்கிழமை.

முதலில் டீசல் குழாயில் காற்று நிற்கிறதா என்று பார்த்தேன். திருகைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை வடித்தேன். இஞ்சின் நொண்டியது. பிறகு எங்கள் தொழிலின் பழைய சோதனை. இஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் சத்தம் உடனே மாறும். சோம்பேறி சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் இருக்காது. ஒன்றாம் நம்பரைத் தளர்த்தினேன், இஞ்சின் தடுமாறியது. இரண்டும் அப்படியே. நாலும் அப்படியே. மூன்றைத் தளர்த்தினேன். அது பாட்டுக்கு அதே நொண்டல்.

ஆக, மூன்றாம் நம்பர்தான் ஸ்ட்ரைக். சங்கத்தில் எப்போது சேர்ந்ததோ தெரியாது.

மூன்றில் டீசல் பீச்சுகிற இஞ்செக்டரைக் கழற்றி ஒன்றில் போட்டேன், ஒன்றினதை மூன்றில் போட்டேன். ஒன்று குசாலாக ஓடியது. மூன்று படுத்தே கிடந்தது. வால்வு இடைவெளியைத் திருத்தினேன். பம்பைப் பூட்டிய குறி சரியா என்று பார்த்தேன். எல்லாம் சரி. சரியான இஞ்சின் நொண்டுகிறது! தேங்காய் உடைத்தேன். சூடம் கொளுத்தினேன். டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் சூடம் கொளுத்தினால் டீமேக்கர் ஐயா எவ்வளவு வேகமாக ஓடுவார் என்பதை மட்டும் கண்டுபிடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் கறுப்புத் தேத்தண்ணி.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"இஞ்சின் விசயமா?"

"ஆமாங்க."

"வாயத் தொறக்காத. சபதம் ஞாபகம் இருக்கா?"

"சரிங்க."

வாசலில் இராக்கம்மா தம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி நல்ல பால் நிறத்தில் இருந்தது.

"ஏத்தா, அது ஏது பாலு?"

"தனலெட்சுமிதான் தந்துச்சுண்ணே. வீணாப் போகக் கூடாதில்ல?"

"ஒன் குடல்ல நூலு சுத்தாதா?"

"எனக்கு எதுக்குண்ணே சுத்தும்? நான் என்னா பொய்யா சொன்னேன்?" என்றாள். தனலெட்சுமி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. புகை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானம் தனலெட்சுமி சோறு கொண்டுவந்தாள். நான் இஞ்சினுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கீழே வளைவில் துரையின் ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"தனம்," என்றேன். என் குரலும் மூன்றாம் நம்பர் மாதிரிதான் வந்தது. "என்னமோ சொல்றேன்னியே, சொல்லு புள்ள."

"இஞ்சின் விசயத்துல நான் வாயத் தொறக்கக் கூடாதுங்களே."

"தொற!"

"வேண்டாங்க, சபதம். ஆட்டு விசயம் பேசட்டுமா?"

"இப்ப எதுக்குடி ஆடு? சரி, பேசித் தொலை."

"நம்ம வெள்ளச்சி என் முந்தானையத் தின்னுட்டு, நேரா இங்க வந்து இந்தக் காத்துக் குழாய்க்குள்ள பூந்துருச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஒரு தரம் கழட்டிப் பாருங்களேன்."

ஸ்பானர் என் கையில் தானாக ஏறியது. குழாயைக் கழற்றினேன். மூன்றாம் ஓட்டைக்குள், கரி பிடித்து, பந்தாகச் சுருண்டு, மயில்கழுத்து உட்கார்ந்திருந்தது. காற்றில்லாமல் சிலிண்டர் எப்படி வேலை செய்யும்? மூச்சை அடைத்து வைத்துவிட்டு மூன்றாம் நம்பரைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

"ஒனக்கு… எப்படித் தெரியும்?"

"அன்னைக்குச் சோறு கொண்டாந்தப்ப நாலு ஓட்டையிலயும் என் சேலை உக்காந்திருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, பீப்பாய்க்குப் பின்னால மூணுதான் கெடந்துச்சு."

"அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதானேங்க ஆடு தின்னுச்சுன்னு சத்தியம் பண்ணுனீங்க? கட்டுன புருசன நம்பாம இருக்கலாமா?"

ஜீப் வாசலில் நின்றபோது குழாயைப் பூட்டி முடித்திருந்தேன். கிளப்பினேன். 'டுக் டுக் டுக் டுக்!' அடடா, அந்தச் சத்தம்! எதிர்மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். கொஸ்லந்தை பஸ் ஹாரன் அடித்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

"வெரி குட் பொன்னையா! என்னா கோளாறு?" என்றார் துரை.

"காத்து அடைப்புங்க துரை."

பீப்பாய்க்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

அந்த இஞ்சினைப் பிறகு பழைய இரும்புக்கு விற்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முந்தானை இருக்கிறது. தனலெட்சுமி நாலு துண்டையும் துவைத்துச் சேலையோடு சேர்த்துத் தைத்தாள். மூன்றாம் துண்டின் கரி மட்டும் போகவேயில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தீவாளிக்கும், புதுச்சேலை இருந்தாலும், அதைத்தான் ஒரு பொழுதாவது கட்டுவாள். பக்கத்தில் வந்தால் லேசாக டீசல் வாசம் அடிக்கும். எனக்கு அதைவிட நல்ல வாசம் இன்றுவரை கிடைத்ததில்லை.

கதை அதோடு முடியவில்லை. அன்று சாயந்தரம் காக்கியோடு, காலர் தூக்கி, வீட்டுக்கு வந்தேன். தம்ளரைப் பார்த்தேன். கறுப்புத் தேத்தண்ணி.

"இன்னுமா புள்ள? ஆடு தின்னலைன்னுதான் தெரிஞ்சு போச்சே!"

"எனக்குத் தெரியும். வெள்ளச்சிக்கு மனசு ஆறணும்ல? வீண் பழி சுமந்திருக்கு. போயி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. பால் கறக்கறேன்."

"ஆட்டுக்கிட்டயா? இஞ்சின் டிரைவர் பொன்னையாவா?"

"சரிங்க, வேண்டாம்," என்று தம்ளரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.

லயத்துக்குப் பின்னால் போனேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. வெள்ளச்சிக்கு முன்னால் குனிந்து, கைகூப்பி, கண்ணை மூடி, "தாயே, தப்புத்தான்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். பின்பக்கம் யாரோ இழுப்பது மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் முன்னால் ஆட்டைக் காணோம். திரும்பினால், துரை மெச்சிய என் காக்கிச் சட்டையின் பின்வால் பாதிக்கு மேல் வெள்ளச்சியின் வயிற்றுக்குள் போயிருந்தது. மிச்சத்தை மென்றுகொண்டிருந்தாள்.

"தனம்! ஓடி வா புள்ள! ஆடு என் சட்டையத் தின்னுது! சத்தியமா தின்னுது!"

உள்ளேயிருந்து, அடுப்பை ஊதிக்கொண்டே தனலெட்சுமி குரல் கொடுத்தாள்:

"சரிங்க. இஞ்சினுக்குள்ள நல்லாத் தேடிப் பாருங்க."