சராசரி வேகத்துக்குச் சேதமில்லை

மனித குலத்தின் தலையாய சாதனை எது என்று கேட்டால் நெருப்பு என்பார் சிலர், எழுத்து என்பார் சிலர். பாவம், விவரம் போதாதவர்கள். ஆறு கிலோ எண்ணூறு கிராம் எடையுள்ள சைக்கிள்தான் அந்தச் சாதனை. அதை இரண்டு விரலால் தூக்கலாம். தூக்கியும் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள், "இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்று நீட்டிவிடுவார்கள். தூக்கிப் பார்த்து "அடேயப்பா!" என்று வாயைப் பிளக்காத விருந்தாளிக்கு அந்த வீட்டில் காப்பி கிடையாது.

இந்த நாகரிகத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த புண்ணியம் கடைத்தெரு முனையில் இருக்கும் சைக்கிள் கடையைச் சேரும். "கடை" என்று சொன்னால் அதன் முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அது "அனுபவ மையம்". சுவரில் ஏழு சைக்கிள்கள் தொங்கும், ஒவ்வொன்றின் மேலும் தனித்தனி விளக்கு. யாராவது வழி தவறிப் பழைய வண்டியை உருட்டிக்கொண்டு வந்து பஞ்சர் ஒட்ட வேண்டும் என்றால், முதலாளி மிகவும் மரியாதையாக, "பஞ்சரெல்லாம் நாங்க பாக்கறதில்ல சார், நாங்க சைக்கிளிங் பாக்கறோம்" என்பார். வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

மையத்தை ஒட்டி ஒரு சவாரிச் சங்கம். முதலாளியே தலைவர். சங்கத்தில் இரண்டு அணிகள் உண்டு. மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் மிதிக்கும் முதல் அணி ஒன்று. வழியில் நிறுத்தி, டீ குடித்து, சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற இரண்டாம் அணி மற்றொன்று. சிரிப்பவர்களைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? முதல் அணிக்கு வருவோம்.

அதில் புதிதாகச் சேர்ந்தவர் சங்கத்தின் செயலாளர். வார நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு அதிகாரி. வயது நாற்பத்தாறு. இரண்டு வருடம் டீ அணியில் கிடந்து, நெஞ்சுக்கூடு கிழிய மிதித்து, போன மாதம்தான் மேலே ஏறினார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். அவள் மாமனாருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுங்க. பால் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள்.

மேன்மையான விஷயங்கள் வீட்டுக்குள் எடுபடுவதில்லை என்று செயலாளர் அன்றே புரிந்துகொண்டார்.

மனைவிக்கும் ஒரு மேலே ஏறுகிற விஷயம் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸ். தலைமை நர்ஸ் பதவிக்கான பரீட்சை மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். வார்டு வேலை, சமையல், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்ட மாமனார், இத்தனைக்கும் நடுவில் இரண்டு வருடமாகப் படித்திருந்தாள். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மாமனாரைத் தனியாகப் பத்து நிமிடம்கூட விட முடியாது. பார்த்துக்கொள்கிற அம்மாள் ஞாயிறன்று வரமாட்டாள். ஆகவே மனைவி ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தாள்.

"ஏங்க, இந்த ஒரு வாரம் மட்டும் சைக்கிள் வேணாமே."

"நீ எதுக்கு வீணா டென்ஷன் ஆகறே? கணக்கைப் பாரு. நாப்பது கிலோமீட்டர், முப்பத்திரண்டு ஸ்பீடு. ஆறரைக்குக் கெளம்பினா ஏழே முக்காலுக்கு முடிஞ்சுது. எட்டு மணிக்கு அப்பா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"பஞ்சர் கிஞ்சர் ஆச்சுன்னா?"

செயலாளர் சிரித்தார். "பதினெட்டு பேர் போறோம்மா. ஒருத்தருக்கு ஆனா, காப்பாத்தப் பதினேழு பேர் இருக்கோம்."

நியாயமான பதில்தான். ஆனால் மனைவிக்குச் சங்கத்தின் போன மாதத் தீர்மானம் தெரியாது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

முதல் அணியில் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரைக் "கிராம்" என்றுதான் கூப்பிடுவார்கள். முடி வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறவர். சவாரிக்கு வரும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர். அவர்தான் பொதுக்கூட்டத்தில் எழுந்து அந்த அதிர்ச்சித் தகவலை வெளியிட்டார். மாற்று டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு, அதைப் போடுகிற பை, எல்லாம் சேர்ந்து தலைக்கு நானூற்றுப் பத்து கிராம். பதினெட்டுத் தலைக்கு ஏழு கிலோ முந்நூற்று எண்பது கிராம்.

"அதாவது, ஒரு முழு சைக்கிளை நாம வாராவாரம் சும்மா தூக்கிட்டுப் போறோம்!" என்றார் கிராம். பல் டாக்டர் ஒருவர் "அநியாயம்!" என்று கத்தினார்.

உடனே தீர்மானம். "இனி பஞ்சர் சாமான்களை ஓர் உறுப்பினர் மட்டும் கொண்டுவந்தால் போதுமானது." ஏகமனதாக, கைதட்டலுடன் நிறைவேறியது. குறிப்பேட்டில் அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவர் நம் செயலாளரே. எந்த உறுப்பினர் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கேட்டவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள் என்று பதினெட்டுப் பேருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பதினெட்டுப் பேரும் கிளம்பினார்கள். உடம்போடு ஒட்டிய உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்கிற ஷூ. ஹேண்டில்பாரில் ஆளுக்கொரு மீட்டர். அந்த மீட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மிதித்த தூரம், மிதித்த நேரம், சராசரி வேகம் எல்லாவற்றையும் அதுதான் ஊருக்கு அறிவிக்கும். மீட்டரில் ஏறாத சவாரியை யார் நம்புவார்கள்? முப்பத்தோராவது கிலோமீட்டர் வரை எல்லாம் கனகச்சிதம். செயலாளர் தலைவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக வந்துகொண்டிருந்தார். வாழ்க்கையில் இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவருக்குத் தோன்றிய நிமிடத்தில்தான் தலைவரின் பின்சக்கரம் 'டப்' என்றது.

தலைவர் ஜல்லியில் சறுக்கி உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம்.

அந்த நெருக்கடியில் முதல் அணியின் ஒழுங்கைப் பார்க்க வேண்டுமே! ஒருவரும் பதறவில்லை, ஒருவரும் ஓடவில்லை. பதினெட்டுக் கட்டைவிரல்களும் ஒரே சமயத்தில் மீட்டரை நிறுத்தின. ஜல்லியில் கிடந்த தலைவரும் முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் மீட்டரைத்தான் தொட்டார். நின்றிருக்கும் நேரம் கணக்கில் ஏறினால் சராசரி வேகம் என்ன கதிக்கு ஆளாகும்? மீட்டரை நிறுத்தியதும் எல்லாருக்கும் உயிர் வந்தது. இனி எவ்வளவு நேரம் நின்றாலும் நேரமே ஆகாது.

"ம், டியூபை எடுங்க" என்றார் தலைவர்.

கிராம் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சாலைதான் இருந்தது.

"தீர்மானத்துல யார்னு போட்டிருக்கு?"

"ஓர் உறுப்பினர்னு போட்டிருக்கு தலைவரே."

"அந்த உறுப்பினர் இன்னிக்கு வரலையா?"

"எல்லாரும் வந்திருக்காங்களே!"

அப்போது எதிரே ஒரு ரொட்டிக்காரர் வந்தார். வீடு வீடாக ரொட்டி போடுகிறவர். முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, மணி, ஸ்டாண்டு, சட்டத்தில் சொருகிய பம்பு, எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த இரும்பை ஒரு காலால் நிறுத்திவிட்டு, "என்ன சார், பஞ்சரா? ஒட்டிரலாம், இருங்க" என்று பையிலிருந்து பசையையும் ரப்பர் துண்டையும் எடுத்தார்.

"அந்த ஒட்டு எத்தனை கிராம் இருக்கும்?" என்று கேட்டார் கிராம்.

ரொட்டிக்காரர் யோசித்தார். "இருபது வருஷமா ஒட்டறேன், நிறுத்துப் பாத்ததில்லியே சார்."

அது கிடக்கட்டும், பம்பே சேரவில்லை. தலைவரின் டியூபுக்கு ஊசி மாதிரி மெல்லிய வால்வு. ரொட்டிக்காரரின் பம்பு அதில் காற்றை ஏற்ற மாட்டேன் என்றது. அவர் பம்பைத் திரும்பச் சொருகிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மத்தவங்க வண்டியெல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு? ஒருத்தர் இவருக்குத் துணையா இருந்துக்கிட்டு, மிச்சப் பேர் போகலாமே?"

படிக்காத மனிதர், அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. பல் டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார்: முதல் அணி ஒன்றாகக் கிளம்பும், ஒன்றாக முடிக்கும், நடுவில் கழன்றுகொள்கிறவருக்கு அடுத்த வாரம் முதல் அணியில் இடமில்லை. ரொட்டிக்காரர், "நல்லதுங்க, எனக்கு ரொட்டி ஆறிடும்" என்று கிளம்பிவிட்டார்.

எட்டு இருபதுக்குச் செயலாளரின் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"மீட்டிங்ல இருக்கேன்."

"சைக்கிள்லதானே போனீங்க? என்ன மீட்டிங்?"

"அவசரக் கூட்டம்மா. தலைவருக்குப் பஞ்சர்."

"உங்க சைக்கிளுக்கு என்ன?"

"என் சைக்கிளுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்னங்க? வாங்க."

"இதோ வந்துட்டேன்."

பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே போகத்தான் நினைத்தார். ஒன்பது கிலோமீட்டர், பதினேழு நிமிடம். கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சைக்கிளில் ஏறி ஒரு காலைப் பெடலில் வைத்தார். 'டக்'. பதினேழு தலைகள் திரும்பின.

"செயலாளரா? போங்க, போங்க" என்றார் தலைவர், முழங்காலைத் துடைத்துக்கொண்டே. "குடும்பஸ்தர். யாரும் தப்பா நினைக்க மாட்டோம். அடுத்த வாரத்துலேருந்து டீ குடிக்கறவங்களோட நிதானமா வந்துக்கலாம்."

இரண்டு வருட உழைப்பு! அதை எப்படி ஒரு காலைப் பொழுதில் தூக்கி எறிவது? உழைத்து முன்னுக்கு வந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும் என்று நினைத்துக்கொண்டார். காலைப் பெடலிலிருந்து கழற்றினார்.

பிறகு கூட்டம் முறைப்படி நடந்தது. அனுபவ மையத்துக்குப் போன் போடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். ஞாயிறு விடுமுறை என்பதால் கைவிடப்பட்டது. பல் டாக்டரின் மைத்துனர் வீட்டில் அதே வால்வு உள்ள டியூப் இருப்பதாகத் தெரிய வந்தது. மைத்துனர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதும் தெரிய வந்தது. எட்டு ஐம்பதுக்கும் ஒன்பது ஐந்துக்கும் போன் அடித்தது. செயலாளர் எடுக்கவில்லை. ஒன்பது பத்துக்கு மேல் அடிக்கவே இல்லை. அப்பாடா, ஏதோ ஏற்பாடு செய்துகொண்டுவிட்டாள் என்று நிம்மதியானார்.

ரொட்டிக்காரர் எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பி வந்தார். "இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒன்பதே முக்காலுக்கு மைத்துனர் காரில் டியூப் வந்து இறங்கியது. மீட்டர்களை உயிர்ப்பித்துக்கொண்டு, முதல் அணி பத்தேகால் மணிக்குச் சவாரியை வெற்றிகரமாக முடித்தது.

செயலாளர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். மனைவி இஸ்திரி போட்ட உடுப்பில், தோளில் பையோடு அப்படியே உட்கார்ந்து மாமனாருக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் அனுமதிச் சீட்டு. மாமனாரின் முழங்கையில் புதிதாக ஒரு பிளாஸ்திரி.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"பக்கத்து வீடு பூட்டியிருக்கு. ஒன்பது பத்துக்குச் சக்கர நாற்காலியோட கீழ இறக்கி, பரீட்சை ஹாலுக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு பார்த்தேன். அஞ்சு படி இறங்கினோம். சாஞ்சுட்டாரு. வாட்ச்மேன் வந்துதான் தூக்கிவிட்டாரு."

மாமனார் மகனைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வராது.

செயலாளர் தவறு தன்மேல் இல்லை என்பதை ஆதாரத்தோடு காட்ட விரும்பினார். மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினார். "இங்க பாரு. ஒரு மணி பன்னெண்டு நிமிஷம். சொன்னதுக்கு மூணு நிமிஷம் முன்னாடியே முடிச்சிருக்கேன். மீட்டர்படி பாத்தா நான் லேட்டே இல்ல."

அவள் மீட்டரைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கேட்டை ஒன்பதரைக்குப் பூட்டிட்டாங்கங்க."

"நின்ன நேரம் கணக்குல வராதும்மா."

"நான் இன்னும் மூணு வருஷம் நிக்கணும்" என்றாள்.

செயலாளருக்கு நேரமில்லை. சவாரிச் செய்தி பகல் பன்னிரண்டுக்குள் அனுபவ மையத்தின் வாசல் செய்திப் பலகையில் ஏறியாக வேண்டும். உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். "பங்கேற்றோர் பதினெட்டு. தூரம் நாற்பது கிலோமீட்டர். சராசரி வேகம் முப்பத்து மூன்று புள்ளி மூன்று. இது சங்க வரலாற்றில் புதிய உச்சம். வழியில் நேர்ந்த சிறு தடங்கலைத் தோளோடு தோள் நின்று வென்றோம். சேதம், டியூப் ஒன்று. மற்றபடி யாருக்கும் எவ்வித இழப்பும் இல்லை."

மாமனாரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்.

"யாருக்கும் இல்லியா? அப்ப நான்?"

செயலாளர் எதையும் அவசரப்பட்டுச் சொல்கிறவர் அல்ல. பதிவேட்டைத் திறந்து, பதினெட்டுப் பெயரையும் மேலிருந்து கீழாக விரல் வைத்து ஒரு தடவை சரிபார்த்தார்.

"நீ மெம்பர் இல்லியேம்மா" என்றார்.