ஏழாவது தீவைக் காணும் முறை

“ஆறுதான் இருக்கு” என்றாள் என் மனைவி.

கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, ஆள்காட்டி விரலைக் கடல்மீது வலமிருந்து இடமாகவும் பிறகு இடமிருந்து வலமாகவும் நகர்த்தினாள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். விடையைச் சரிபார்க்காமல் விடமாட்டாள்.

“போர்டுல ஏழுன்னு இருக்கே” என்றேன்.

“போர்டுல இருக்கு. கடல்ல இல்ல.”

அந்தப் பலகையை எழுதியவன் நான். சுற்றுலாத் துறையின் தலைமை அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத மூன்றாவது மாடி அறையில் உட்கார்ந்து, இந்தக் கடற்கரைச் சாலையிலுள்ள பதினான்கு இடங்களுக்கும் வாசகம் எழுதினேன். ஒன்றையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அத்தனை நன்றாக வந்திருக்காது. ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது, சேர்ந்து கிடந்த விடுப்பில் பத்து நாள் எடுத்து, மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு என் எழுத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

முதல் நாள் கோட்டை. ‘காலத்தாலும் பகைவராலும் துளைக்க இயலாத மதில்’ என்று எழுதியிருந்தேன். உரக்கப் படித்து முடிப்பதற்குள் ஒரு ஆடு மதிலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. இரண்டாம் நாள் ‘அலைகள் ஓயாது இசைபாடும்’ குகை. கடல் அதைவிட்டு விலகி நாற்பது வருடமாகிறதாம். உள்ளே யாரோ சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். மனைவி சிவப்பு மை பேனாவைத் தேடுகிறவள்போலக் கைப்பையைத் துழாவினாள்.

மூன்றாம் நாள் இந்தக் குன்று. ‘இங்கிருந்து ஏழு தீவுகளையும் ஒருங்கே கண்டு இன்புறலாம்.’

இங்கே வேறு யாரும் எண்ணுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிப் பலகையோடு நின்று, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் இப்போது மோஸ்தர். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கிவிடுகிறார்கள்.

காவலாளி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“மேடம், தரையில நின்னா தெரியாது. உங்க உயரத்துக்கு முதல் படி. சார் தரையிலயே நிக்கலாம். சின்னப் பசங்கன்னா ரெண்டாவது படி.”

கண்ணாடிக்கு முன்னால் இரண்டு படிகள் கட்டி, ஒவ்வொன்றிலும் பாதம் வரைந்திருந்தது. மனைவி முதல் படியில் ஏறிப் பாதத்தின்மேல் பாதம் வைத்தாள்.

“அட, ஏழு! ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல. கொஞ்சம் மங்கலா.”

நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

“மங்கலாத்தான் இருக்கும் மேடம். அது தூரம்” என்றார் காவலாளி.

அவள் ஒரு காலை இடப்பக்கம் நகர்த்தினாள்.

“தீவு நகருதே?”

“காத்து மேடம்.”

“மத்த ஆறும் நகரலையே?”

“அதெல்லாம் பெரிய தீவு மேடம்.”

அவள் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

“ஷூ பாலிஷ்.”

தீவு இப்போது அவள் விரலில் இருந்தது. கண்ணாடியில் ஒரு தீற்றல் மட்டும் மிச்சம்.

“புகார்ப் புத்தகத்தை எடுங்க” என்றாள், வகுப்பில் பேசும் குரலில்.

அவர் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, பாலிதீன் உறையில் மடித்து வைத்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“எழுதுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க மேடம். இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு புகார். மூணாவது விழுந்தா தலைமைக் கிடங்குக்கு மாத்திடுவாங்க. பஸ்ல அஞ்சு மணி நேரம். என் வீட்டுக்காரி எழுந்து நடமாட மாட்டா. மத்தியானம் இந்தக் குன்றை விட்டு இறங்கிப் போய் நான்தான் சாப்பாடு குடுத்துட்டு வரேன்.”

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

‘தாங்கள் பணிபுரியும் இடத்தில் ஏழாவது தீவு பார்வையாளர்களுக்குக் காணக் கிடைப்பதில்லை எனப் புகார்கள் வரப்பெற்றுள்ளன. மேற்படி தீவு அரசுப் பலகையில் உள்ளது. எனவே அது காணப்படாமைக்குத் தங்களது கவனக்குறைவே காரணம் எனக் கருத இடமிருக்கிறது. இனி தீவு தவறாது காணப்பட ஆவன செய்யவும்.’

கையெழுத்துக்கு வந்ததும் நின்றாள். வாலைச் சுழித்து, மேலே ஒரு புள்ளி. எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் பதினைந்து வருடம் பார்த்த கையெழுத்து.

“நடை நல்லா இருக்கு” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“எழுதின மகராசன் ஒரு தடவை இங்க வந்து பாத்திருந்தா இப்படி எழுதியிருப்பாரா? நீங்களே சொல்லுங்க சார்.”

“வந்து பாத்திருக்கணும்” என்றேன்.

“ஆவன செய்யவும்னு எழுதியிருந்தாரு. செஞ்சேன். ஈரக் காத்துல நிக்க மாட்டேங்குது. ஒரு நாளைக்கு மூணு தடவை வைக்கிறேன்.”

கீழே பஸ் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்த காவலாளியின் முகம் மாறியது. “நாப்பது பேர் இருப்பாங்க போல. பாலிஷ் டப்பா கீழ ரூம்ல இருக்கே!” என்று புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

“ஏழு எங்கேருந்து வந்துச்சு?” என்றாள் மனைவி.

“துரு.”

“என்னது?”

“கோப்புல வரைபடத்தைக் குண்டூசி குத்தி வெச்சிருந்தாங்க. ரெண்டு மழைக்காலம் அப்படியே கிடந்துது. துரு இறங்கி வட்டமா ஒரு கறை. தீவுன்னு நெனச்சேன்.”

“எப்ப தெரிஞ்சுது?”

“போர்டு வெச்ச மறுநாள். ஊசி கழண்டு விழுந்துது.”

எட்டு வருடம். அதற்குள் தீவு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. கீழே பஸ் நிறுத்தத்துக்கும் தேநீர்க் கடைக்கும் ஏழு தீவு என்றே பெயர். பலகையைத் திருத்தும் படிவத்தில் ‘திருத்தத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுத வேண்டியது ஒரே சொல். பலமுறை பேனாவைத் திறந்து மூடியிருக்கிறேன். தவற்றுக்குக் கோப்பில் இடம் கிடைக்கவில்லை. தீவுக்குக் கடலில் தாராளமாக இடம் இருந்தது.

“இப்பவாவது எழுதுங்க. ஆறுன்னு” என்றாள்.

புத்தகத்தைத் திறந்தேன். ஆறு என்று எழுதினால் அது மூன்றாவது புகார். மூன்று புகாருக்கு இடமாற்றம் என்ற விதியும் நான் எழுதியதுதான். அதன் நடை இன்னும் நன்றாக இருக்கும். அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தில் எழுதினால் விசாரணை வரும். இரண்டு மாதம் கழித்து வாங்க வேண்டிய பிரிவுபசார மாலை வராது. காவலாளிக்காகத்தான் யோசித்தேன். எனக்காகவும் யோசித்தேன். எந்த யோசனை முதலில் வந்தது என்று மனைவி கேட்கவில்லை.

‘ஏழு தீவுகளும் ஐயத்திற்கிடமின்றிக் காணப்பட்டன. காவலாளியின் பணி பாராட்டத்தக்கது’ என்று எழுதினேன். பழக்கத்தில் வாலைச் சுழித்து மேலே புள்ளியும் வைத்துவிட்டேன்.

கூட்டம் மேலே வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர் இன்னும் கண்ணாடிப் பக்கமே வரவில்லை, பலகையைப் பார்த்ததும், “அதோ, ஏழும் தெரியுது பாருங்க!” என்று கத்தினார். “ஆமாமா, அழகு!” என்று பத்துக் குரல்கள் எழுந்தன. விரல்கள் ஐந்தும் இரண்டுமாக உயர்ந்தன. எல்லோரும் கடலுக்கு முதுகைத் திருப்பினார்கள்.

அவர்களுக்குப் பின்னால், மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மட்டும் கடல் பக்கம் விரலை நீட்டினாள். “ஒண்ணு... ரெண்டு...”

காவலாளியைக் காணவில்லை.

என் மனைவி கைப்பையைத் திறந்து கண் மைப் பென்சிலை எடுத்தாள். முதல் படியில் ஏறிப் பாதத்தின்மேல் பாதம் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாவது தீவுக்கும் மூன்றாவது தீவுக்கும் நடுவில் கண்ணாடியில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள்.