கருவியில் பழுது இல்லை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகனைப் பெற்றவன் பணிவுடன் எழுதுவது. இங்கு என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாளும் தையற்கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் மறதி அல்ல, பயம். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று இன்னும் குழப்பமாகவே இருப்பதால், வரப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தாங்கள் என்னிடம் ஒப்படைத்த காரியத்தை நான் ஏன் நிறைவேற்றவில்லை என்பது.
2. தங்கள் மகள் வாங்கிய மதிப்பெண்ணும் அதன் தன்மையும்.
3. விண்ணப்பத்தில் என்னால் நேர்ந்த பிழை.
4. நேர்முகத் தேர்வு.
5. மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்காது என்பதும், அதைத் தாங்கள் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும்.

எண் 1. பதினெட்டு வயதில் அவள் இதே நுழைவுத் தேர்வை எழுதி, இடம் கிடைக்காமல், மூன்று மாதம் யாரோடும் பேசாமல் தங்கள் கடையில் பித்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றும், முப்பத்தொரு வயதில் அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கத் தங்களுக்குத் தெம்பில்லை என்றும், வீட்டுக்குப் பெரியவன் நான் பக்குவமாக எடுத்துச் சொல்லி நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். நான் நான்கு முறை முயன்றேன். முதல் முறை அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் இதயத்தின் படம் ஒட்டியிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். "மாமா, நல்ல வேளை வந்தீங்க. அந்தப் படத்தைக் கையால மறைச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேளுங்களேன்" என்றாள். மறைத்தேன். கேட்டேன். மற்ற மூன்று முறையும் இதேதான் நடந்தது. படம் மட்டும் மாறியது. இப்படியாக, தடுத்து நிறுத்தப் போனவன் தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை கேள்வி கேட்கும் பதவியில் அமர்ந்துவிட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் நின்றபடி ரத்தம் எடுத்துவிட்டு வருபவள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நடந்துகொண்டே பதில் சொல்வாள். நான் நாற்காலியோடு திரும்பித் திரும்பிக் கேட்பேன். என் மனைவிக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. "தவளை இதயத்துக்கு மூணு அறைன்னு தெரியுது, அடுப்புல காஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சுன்னு தெரியலை" என்று சொன்னாள். இரண்டுமே உண்மை.

எண் 2. மதிப்பெண் வந்தது. சராசரி. மறைத்துப் பயனில்லை, தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொஞ்சம் கூடுதலோ கொஞ்சம் குறைவோ அல்ல. தேர்வு எழுதிய அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் ஒரு கயிறு கட்டினால், கயிறு இவள் இடுப்பில்தான் கட்டப்பட்டிருக்கும். மாடி வீட்டு வக்கீல் படியிறங்கும்போது விசாரித்தார். கேட்டுவிட்டு, "இந்த வயசுல சேர்ந்து வெளிய வர்றப்போ, டாக்டர் யாரு நோயாளி யாருன்னு ஒரு போர்டு மாட்டிக்கணும்" என்றார். நான் என் வழக்கப்படி சிரித்துவைத்தேன். என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "நீங்க வக்கீல் பரீட்சையை நாலாவது தடவை பாஸ் பண்ணினப்போ நாங்க போர்டு எதுவும் கேக்கலையே" என்றாள். அதிலிருந்து வக்கீல் பின்பக்கப் படியைப் பயன்படுத்துகிறார்.

ஆனால் சம்பந்தி, சராசரியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. வானிலை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு மழை அளந்தவன் நான். காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, நீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்து எழுதுவது என் வேலை. அந்த முப்பத்து நான்கு ஆண்டில் மழை சரியாகச் சராசரி அளவு பெய்தது ஒரே ஓர் ஆண்டுதான். அந்த ஆண்டு ஏரி நிரம்பியது, ஒரு வீடும் இடியவில்லை, யாரும் தண்ணீர்க் குடத்தோடு சண்டை போடவில்லை. அதனாலேயே ஒரு பத்திரிகையும் அந்த ஆண்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நான் மட்டும் பதிவேட்டில் அந்த எண்ணுக்குக் கீழே பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டேன். விதிப்படி அது கூடாது. மதிப்பெண் தாளில் இவள் எண்ணைப் பார்த்தபோதும் எனக்குக் கை அப்படித்தான் போயிற்று.

எண் 3. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய நகல்களை வரிசைப்படுத்திக் கொக்கி போடும் பொறுப்பை அவள் என்னிடம் விட்டாள். பதினேழு தாள்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: மேலதிகாரி சந்தேகப்படக்கூடிய அளவு எதுவாக இருந்தாலும், அதோடு நீல நிறத்தில் ஒரு துண்டுச் சீட்டு குத்த வேண்டும். அளவு சரிபார்க்கப்பட்டதா, அன்றைய நிலைமை என்ன, கருவியில் பழுது உண்டா என்று மூன்று வரி. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டாகியும் கைப்பழக்கம் போகவில்லை. மளிகைச் சீட்டில்கூடக் குத்தியிருக்கிறேன். மதிப்பெண் தாளை மூன்று முறை சரிபார்த்துவிட்டு, என்னை அறியாமல் ஒரு சீட்டு எழுதிக் குத்தினேன். உறையில் போடும்போது எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தபால் நிலையத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால் சீட்டு மேசையில் இல்லை, மேசைக்கு அடியில் இல்லை, என் சட்டைப் பையில் இல்லை. அதில் நான் எழுதியிருந்தது பின்வருமாறு, ஓர் எழுத்தும் மாற்றவில்லை:

"அளவு: சராசரி. மூன்று முறை சரிபார்க்கப்பட்டது. நிலைமை: தேர்வுக்கு முந்தைய நாள் சக பணியாளர் வராததால் பதினான்கு மணி நேரப் பணி. பழுது: கருவியில் இல்லை."

கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே "பார்வையாளர்" என்ற பழைய பதவி வேறு.

மூன்று வாரம் இதை யாரிடமும் சொல்லவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே குளியலறைக்குள் போய்விடுவேன். கடைசியில் மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவள், "பேசாம இருங்க. கேட்டாங்கன்னா வயசாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது.

எண் 4. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. தங்கள் மருமகன்தான் உடன் போவதாக ஏற்பாடு. ஆனால் அன்று காலை ஏழு மணிக்கு ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் இதெல்லாம் சகஜம். அவன் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஓட, அவளுடன் நான் போனேன். நான்கு பேனா, இரண்டு குடை, அவளுக்கு ஒரு மாற்றுச் செருப்பு, அசல் சான்றிதழ்கள் எல்லாம் என் பையில்.

கல்லூரித் தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. அதில் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம். என் பக்கத்தில் டைல்ஸ் வியாபாரி ஒருவர் தம் பையனோடு உட்கார்ந்திருந்தார். உங்க பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டார். சராசரி என்றேன். ஓர் அம்மாள் தம் தண்ணீர் பாட்டிலை எனக்கு நீட்டினார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பிறர் முன் பேசிப் பழகாதவன், பையிலிருந்து தாளை எடுத்துச் சராசரி மழை பெய்த ஆண்டைப் பற்றிப் படம் போட்டு விளக்கத் தொடங்கிவிட்டேன். ஏரி நிரம்பும் கட்டத்தில் பியூன் கதவைத் திறந்து அவள் எண்ணைக் கூப்பிட்டார். அந்த எண்ணை நான் இரண்டு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பியூன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பெரியவரே, நீங்களா படிக்கப் போறீங்க?" என்றார். பெஞ்சு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடுதான் உள்ளே போனாள். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

உள்ளே நடந்ததை அவள் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள். அப்படியே தருகிறேன். மூன்று பேர் இருந்தார்களாம்: தலைமையில் ஓர் அம்மையார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஓர் அறுவை மருத்துவர், ஒன்றும் கேட்காமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர். கடிகாரக்காரர்தான் தொடங்கினாராம். இதைவிட அதிகம் வாங்கியவர்கள் வெளியே வரிசையில் இருக்கும்போது உங்களை எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவள் சொன்ன பதில்:

"பத்து வருஷமா ரத்தம் எடுக்கறேன் சார். ரெண்டு மூணு பேர் குத்திப் பாத்து நரம்பு கிடைக்கலைன்னா எங்கிட்ட அனுப்புவாங்க. நான் உடனே குத்த மாட்டேன். ஒரு நிமிஷம் கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருப்பேன். அந்த ஒரு நிமிஷத்துல டாக்டர்கிட்ட சொல்லாததை எல்லாம் எங்கிட்ட சொல்லுவாங்க. கேட்டுட்டு, பஞ்சை வெச்சு அழுத்திப் பிடிங்கன்னு சொல்லிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடறேன். அதுக்கு மேல செய்ய எனக்கு உரிமை இல்லை. அந்த உரிமைக்குத்தான் வந்திருக்கேன்."

சம்பந்தி, இதைக் கேட்டபோது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் இருந்தும் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஊசி பிடிக்கும் கை தங்களிடமிருந்து வந்தது. அந்த ஒரு நிமிஷம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

பிறகு அந்த முதியவர் நீலச் சீட்டை எடுத்திருக்கிறார். வாய்விட்டுப் படித்திருக்கிறார். இதை எழுதியது யார் என்று கேட்க, "என் மாமனார் சார். மழை அளந்தவர்" என்றாளாம். அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தைய நாள் பதினான்கு மணி நேரம் வேலை பார்த்தது உண்மையா, அதனால்தான் மதிப்பெண் குறைந்ததா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். தட்டில் வைத்து நீட்டினார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"வேலை பார்த்தது உண்மை மேடம். ஆனா நல்லாத் தூங்கிட்டுப் போயிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். ஃபிசிக்ஸ் எனக்கு அவ்வளவுதான் வரும்."

ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்டேன். "நீங்கதானே மாமா மூணு தடவை சரிபார்த்தது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். இறங்கும் இடம் வந்தும் நான் அவளை எழுப்பவில்லை. அதற்கு அடுத்த நிறுத்தத்திலும் எழுப்ப மனம் வரவில்லை. கடைசி நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தோம்.

எண் 5. எனவே இடம் கிடைக்காது. முன்னறிவிப்புச் சொல்வது என் வேலை அல்ல. அதற்கென்று மேல்மாடியில் தனியாக ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் சராசரி மதிப்பெண், முப்பத்தொரு வயது, மாமனாரின் சீட்டு, தட்டில் வந்ததைத் தட்டிவிட்ட நேர்மை, இந்த நான்கையும் கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வருகிறது. தாங்கள் பயந்தது நடக்கப்போகிறது. அதற்கான காரணத்தில் ஒரு பங்கு நான். மன்னிக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்வேன்: முடிவு வந்ததும் தாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம். அடுத்த தேர்வு எப்போது என்று மட்டும் கேளுங்கள். பதினெட்டு வயதில் உட்கார்ந்தவள் வேறு, இவள் வேறு. இவள் உட்கார மாட்டாள், நடந்துகொண்டேதான் இருப்பாள், நான் பார்த்திருக்கிறேன். என் வாழ்க்கையில் எதற்கும் நான் மார்தட்டியது இல்லை, தட்ட எதுவும் இருந்ததும் இல்லை. ஆனால் இப்போது கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால், கேட்காமலே, எங்கள் மருமகள் மருத்துவக் கல்லூரி நேர்முகம் வரை போனாள் என்று சொல்லிவிடுகிறேன். நேற்று காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே மூன்று முறை கேட்டாகிவிட்டது என்றார்.

தங்கள் கத்தரிக்கோலின் கூர் குறையாமலும், சம்பந்தி அம்மாளின் சர்க்கரை கூடாமலும், இப்படி ஒரு பெண்ணை எங்களுக்குக் கொடுத்த தங்கள் வீடு எந்தக் குறையும் இல்லாமலும் இருக்க வேண்டும்.

தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கல்லூரியிலிருந்து தபால் வந்தது. நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அவள் நான்கு மணிக்கு வந்தாள். கை கழுவினாள். பிரித்துப் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். "அத்தை, வர்ற மாசம் பத்தாம் தேதி சேரணுமாம்" என்றாள். என் மனைவி, "காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்களிடம் சொல்லச் சொன்னதற்கு, "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா. நான் பேசினா அழுதுருவேன்" என்கிறாள். ஆகவே இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது. படித்த உடனே தாங்களே அவளைக் கூப்பிடுங்கள்.

எண் 5 தவறு. பதிவேட்டில் பிழையானதை அழிக்கக் கூடாது, மேலே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அப்படியே செய்திருக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன்.