ஜப்பானில் கோல், கமுதியில் காது

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட நான்தான் ஒரு ஜப்பான் லீக் ஆட்டத்தின் முடிவு எனக்கு முன்பே தெரியும் என்று நம்பி மூவாயிரம் ரூபாய் கட்டினேன்.

காரணம் நண்டு. அப்போது மண்டபம் கடற்கரையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நண்டுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாராவாரம் பெட்டி போகிற ஜப்பான் ஊரின் அணியைப் பற்றி, போனில் இருந்த கணிப்புச் சந்தை ஆப்பில் ஒரு கேள்வி வந்தது: 'இந்த அணி ஜெயிக்குமா? ஆம், இல்லை.' ஒரு 'ஆம்' நாலு ரூபாய். ஜெயித்தால் பத்து ரூபாய், ஜெயிக்காவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் விலை ஏறும், இறங்கும், விற்றுவிட்டும் வெளியேறலாம். (நம்ம நண்டைத் திங்கிற ஊரு தோக்குமா என்ன?) அக்கா மகனுக்குச் சீர் செய்ய வைத்திருந்த பணத்தில் எழுநூற்றைம்பது 'ஆம்' வாங்கினேன்.

ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவனுக்குக் கமுதிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் நான். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும்.

"ஏலே, போனை உள்ள வையி" என்றாள் அக்கா. வைத்தேன், குழந்தையின் வயிற்றுக்கு முன்னால், துண்டின் மறைவில், ஆட்டம் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

கடைசி நிமிடங்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. என் 'ஆம்' ஒரு ரூபாய்க்கு விழுந்துவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தான். ஆசாரி ஊசியோடு குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் எங்கள் அணி ஆள் ஒருவன் பந்தோடு தனியாக ஓட ஆரம்பித்தான். எனக்கு நெஞ்சு அடித்த அடி உடுக்கைக்காரருக்கே கேட்டிருக்கும். திரையைப் பார்க்கக் குழந்தையின் தோளுக்கு மேல் முகத்தை நீட்டினேன். குழந்தை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவன் காது இருந்த இடத்தில் இப்போது என் காது இருந்தது.

ஆசாரி கை சுத்தம். ஒரே குத்து.

நான் போட்ட அலறலில் கட்டைவிரல் 'விற்க' என்ற பொத்தானை அழுத்திவிட்டது. எழுநூற்றைம்பது 'ஆம்'களும் தலா ஒரு ரூபாய்க்குப் போயின. அடுத்த நொடி பந்து வலைக்குள் போனது.

நான் எழுந்து குதித்தேன். அது சந்தோஷமா, வலியா, வயிற்றெரிச்சலா என்று இன்னும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆசாரி மட்டும் பதறவில்லை.

"ஒரு காதோட விடக் கூடாது தம்பி. அடுத்ததையும் காட்டுங்க."

அக்காவைப் பார்த்தேன். அவள் போனைப் பிடுங்கிப் பார்த்திருந்தாள். "குத்துங்க ஆசாரி" என்றாள்.

ஆல்பத்தில் நான் அழுகிறேன், மடியில் குழந்தை சிரிக்கிறான். அந்த ஆப்பும் இப்போது இல்லை. போன மாதம் இரண்டாவது பிள்ளையின் காதுகுத்துக்கு அழைக்க மச்சான் போன் செய்தார். தேதி, இடம், சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மிகவும் பொறுப்பாகக் கேட்டார்:

"ஆசாரி கேக்காரு மாப்ள, மொத்தம் எத்தன காதுன்னு சொல்லட்டும்?"