லட்சுமியின் காலடியில் மயில்

வெடிமருந்துக்கு நான் பயந்ததே இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆமத்தூர் பக்கம் சொந்தப் பட்டாசுக் கம்பெனி போட்டவன். ஆனால் ஆந்தைக்குப் பயப்படுவேன். (சிரிக்காதீர்கள். எங்கள் கூரையில் ஆந்தை அலறினால் அன்றைக்கு ஒருவரும் மருந்து கலக்க மாட்டார்கள்.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கல்கத்தா வியாபாரி ஒருவரிடமிருந்து ஆர்டர் வந்தது. அந்த சீசனில் எனக்கிருந்த ஒரே ஆர்டர். அது போனால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கு அவரே படம் அனுப்பியிருந்தார். மகாலட்சுமி, காலடியில் வெள்ளை ஆந்தை.

லேபிள் வரையும் சாமுவேலைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இந்தச் சனியனை அழிச்சிட்டு அங்கன ஒரு மயிலை வை."

"அண்ணாச்சி, அவுக ஊர்ல ஆந்தைதான் லட்சுமிக்கு வாகனமாம். ஒரு போன் போட்டுக் கேட்டுருவோமே."

"வேதக்காரன் நீ எனக்கு லட்சுமியைப் பத்திச் சொல்லுதியா? எம்புட்டு லட்சுமி வெடி போட்டிருப்பேன்!"

சாமுவேல் வரைந்தார். தோகை விரித்த மயில்; கண்ணை எடுக்க முடியாது. (யோசனை என்னுடையதாக்கும்.) அச்சடித்து வந்ததைப் பெண்கள் ஒரு மாதம் உட்கார்ந்து ஒட்டினார்கள்.

லோடு ஏற்றுவதற்கு முந்தின நாள், தூறலில் நனைந்துகொண்டு வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார். பல வருஷமாக இந்தப் பக்கம் வந்துபோகிறவர். தமிழ் ஓரளவு பேசுவார். ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆந்தை எங்கே?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "விரட்டிட்டேன் சார்!"

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல வீட்டுக்கு ஆந்தை வந்தா லட்சுமி வருதுன்னு அர்த்தம். யாரும் விரட்ட மாட்டாங்க. எங்களுக்கு லட்சுமியும் உங்க முருகனும் துர்க்கையோட பிள்ளைங்க. மயில் தம்பியோட வாகனம். தம்பி வண்டியை எடுத்துட்டு வர்ற லட்சுமியை யார் வாங்குவாங்க?"

"ஒரு வாரத்துல மாத்தி ஒட்டிருதேன் சார்."

"லாரி போய்ச் சேரவே ஒரு வாரம். தீபாவளி பூஜை முடிஞ்சப்புறம் உங்க வெடியை வெச்சு நான் என்ன செய்ய?"

பக்கத்துக் கம்பெனியில் தயாராக இருந்த சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் தொட்டு லேபிளை உரித்துப் பார்த்தோம். மயிலோடு அட்டையும் சேர்ந்து வந்தது.

கம்பெனியைப் பூட்டினேன். அச்சங்குளத்தில் அடுத்தவன் கம்பெனிக்கு மேஸ்திரியாகப் போனேன். சாமுவேல் ஓர் அச்சகத்தில் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

போன மாதம் பேத்தியைப் பெண் கேட்டு நல்ல இடத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தைவிட அந்த வயசில் நான் எவ்வளவு சம்பாதித்தேன் என்று ஆரம்பித்தேன். காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

"என்னாச்சு ஆச்சி, எங்க அவுகள?" என்று உள்ளேயிருந்து பேத்தி கேட்டாள்.

என் மனைவி என்னைப் போலவே நெஞ்சை நிமிர்த்தினாள்.

"விரட்டிட்டேன் சார்!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். (பிறகு என்ன செய்ய?)