கண்ணாலேயே ஸ்கேன் எடுப்பவர்

பார்த்தவுடன் வைத்தியர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் தும்மி முடிப்பதற்குள் மருந்து சொல்லி முடித்திருப்பார். மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரா என்கிறீர்களா? மிதித்திருக்கிறார், மழைக்கு ஒதுங்க. நம்மவருக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. அங்கே ‘ஸ்கேன் சார்’ என்று கேட்டால்தான் தெரியும். மாடிப்படியில் எதிரே வருகிறவரின் நடையைப் பார்த்து மூட்டுத் தேய்மானம், முகத்தைப் பார்த்து ரத்தசோகை, கொட்டாவியைப் பார்த்துச் சர்க்கரை என்று சொல்லி, அவர் மறுத்தால் “ஆரம்பத்துல தெரியாதுங்க” என்று கொஞ்சம் பயத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவார். இத்தனை வகையும் வெளியாருக்குத்தான். வீட்டில் ஒரே வியாதி. வாயு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது.

“வாயு. உருளைக்கிழங்கைக் கொஞ்சமாவா சாப்பிட்ட?” என்றார் இவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

மகள் அவரோடு வாதாடவில்லை. டாக்சியைக் கூப்பிட்டாள்.

அவசர சிகிச்சைப் பிரிவைக் கண்டதும் ஸ்கேன் சாருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. எத்தனை நோயாளிகள்! பெஞ்சில் காலை நீட்டியிருந்த லாரி டிரைவருக்கு வெறும் சுளுக்கு என்றும், வீறிட்ட குழந்தைக்கு வயிற்றுப் பூச்சி என்றும் தீர்ப்பு வழங்கிவிட்டு அவர் திரும்பியபோது, மனைவியின் கட்டிலருகே டாக்டர் நின்றிருந்தார்.

“என்னம்மா பண்ணுது?”

“தாடையில…”

“வாயு டாக்டர். அடிக்கடி வரும்.”

“எப்போலேருந்தும்மா?”

“உருளைக்கிழங்கு சாப்பிட்டதுலேருந்து டாக்டர்.”

டாக்டரை நாலா பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் கிடைத்த கதையோ கச்சிதமாக இருந்தது. ஓர் ஊசியைச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தார்.

பக்கத்தில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி நின்றாள். அவளும் டாக்டர்தான், ஆனால் வைத்தியம் பார்க்க வரவில்லை. அவசரத்தில் நோயின் பெயர் எப்படித் தப்பாகிப்போகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. கட்டிலை விட்டு நகரும் ஒவ்வொரு டாக்டரிடமும் ஒரே கேள்வி கேட்பாள்.

“வேற என்னவா இருக்கலாம் டாக்டர்?”

டாக்டர் முகம் கஷாயம் குடித்தது போலானது. ஆனாலும் நின்றார். அவள் ஸ்கேன் சாரிடம் திரும்பினாள்.

“சார், வலி உங்களுக்கா அவங்களுக்கா?”

“அவளுக்குத்தான்…”

“அப்ப அவங்களே சொல்லட்டுமே.”

கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக அந்த அம்மாள் குறுக்கீடு இல்லாமல் பேசினாள்.

“ரெண்டு மூணு நாளா மாடி ஏறினா தோளும் தாடையும் இழுத்துப் பிடிக்குது. நின்னா விட்டுடும். இன்னிக்கு விடவே இல்ல. நெஞ்சுமேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு. இவர்கிட்டயும் சொன்னேன்.”

“என்கிட்டயா?”

“ஆமாங்க. வாயுன்னீங்க.”

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் டாக்டர் நடக்கவில்லை, ஓடினார். இதயத்தில் அடைப்பு. தள்ளுகட்டில் கதவுக்குள் மறைந்தபோது ஸ்கேன் சார் மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன சார் அவங்களுக்கு?” என்றார் லாரி டிரைவர்.

“தெரியலங்க,” என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை மகள் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடைப்பை நீக்கிவிட்டார்கள். பிழைத்தாள்.

சில நாள் கழித்து, பார்க்க வந்த தம்பி மனைவியிடம் ஸ்கேன் சார் விளக்கிக்கொண்டிருந்தார். “தாடை வலின்னா நெஞ்சுதாம்மா. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்…”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “என்னங்க, மீதியை நான் சொல்லட்டுமா?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். இவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்து முடிவு கட்டியிருப்பீர்களே? எதற்கும் வீட்டுக்குள் யாராவது ஏதோ சொல்ல வாயெடுத்தார்களா என்று கொஞ்சம் பாருங்கள்.